அப்பாவும் தாடிக்காரனும் ஒரு ராஃபியா கயிறும்

“காசு குடுத்துக் காட்டுக்குள்ள போறதா?”

அப்பா இப்படிக் கேட்டது சரவாக்கின் தலைநகரான கூச்சிங்கின் விமான நிலையத்தில், குடிநுழைவு வரிசையில் நின்றுகொண்டு. தீபகற்பத்திலிருந்து போகும் மலேசியர்களும் போர்னியோத் தீவிலுள்ள சரவாக்கில் இறங்கினால் முகப்பில் அடையாள அட்டையை நீட்டித்தான் உள்ளே போக வேண்டும். சொந்த நாட்டுக்குள் இது என்ன கூத்து என்று அவர் ஏற்கெனவே கடுப்பில் இருந்தார். மறுநாள் பாக்கோ தேசியப் பூங்காவுக்குப் போகிறோம், நுழைவுச் சீட்டு இவ்வளவு, படகுக்கு இவ்வளவு என்று அந்த நேரம் பார்த்து நான் சொல்லியிருக்கக் கூடாது.

அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. அப்பாவுக்குக் காடு என்றால் வேலை. பேராக்கில் ஒரு கித்தா (ரப்பர்) தோட்டத்தில் பிறந்தவர். பதினாறு வயதில் பால் வெட்டப் போனார். தோட்டம் செம்பனைக்கு மாறியபோது அவரும் கத்தியை வைத்துவிட்டு அரிவாளுக்கு மாறினார். கடைசி மரவரிசைக்குப் பின்னால் தொடங்கும் இருட்டுதான் அவருக்குத் தெரிந்த காடு. அதிலிருந்து பாம்பு வரும், பன்றி வரும், எப்போதாவது யானையும் வரும். எதுவும் வராத நாள் நல்ல நாள். அந்த மனிதரைக் காட்டைச் சுற்றிக் காட்டுகிறேன் என்று நான் விமானம் ஏற்றிக் கூட்டி வந்திருந்தேன்.

உண்மையில் அவர் வரச் சம்மதித்தது வேறொன்றுக்காக. கூச்சிங்குக்கு வெளியே மாத்தாங் மலையில் ஒரு மாரியம்மன் கோயில் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் சரவாக்கை ஆண்ட புரூக் குடும்பத்து வெள்ளை ராஜாக்கள் அந்த மலையில் காப்பியும் தேயிலையும் போடத் தமிழ்க் கூலிகளைக் கொண்டுவந்தார்கள். தோட்டம் நிலைக்கவில்லை. மூடிவிட்டார்கள், ஆட்கள் கலைந்தார்கள், அவர்கள் பெலியான் என்னும் உறுதியான மரத்தில் கட்டிய கோயில் காட்டுக்குள் கிடந்தது. பிற்பாடு வந்தவர்கள் மீட்டெடுத்துக் கட்டினார்கள். அம்மனைக் கும்பிட்டுவிட்டு வரலாம் என்றதும் அப்பா பை கட்டினார். கும்பிட்டாயிற்று. அடுத்த நாள் என்னுடையது.

இது 2019 ஜூலையில் நடந்தது. கடல் அமைதியாக இருக்கும் மாதம். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை பருவமழையில் அலை எழும்பினால் பாக்கோவுக்குப் படகு ஓடுவது நிச்சயமில்லை.

காலையில் நான் ஹோட்டல் அறையில் உட்கார்ந்து மலையேறும் ஷூவுக்கு நாடா கட்டிக்கொண்டிருந்தேன். கோலாலம்பூரில் பெரிய கடையொன்றில் முந்நூறு ரிங்கிட்டுக்கு மேல் கொடுத்து வாங்கியது. இரண்டு வருஷமாகப் பெட்டிக்குள்ளேயே இருந்தது. அப்பா பையிலிருந்து கறுப்பு ரப்பர் சப்பாத்தை எடுத்து வெளியில் வைத்தார். மலேசியாவில் இதைத் தெரியாதவர் இருக்க மாட்டார்கள். தையல், ஒட்டு எதுவும் இல்லாமல் ஒரே அச்சில் வார்த்த ரப்பர், அடியில் குமிழ் குமிழாகப் பிடிப்பு. பால் வெட்டுகிறவர்கள் காலில் கிடப்பது. கிண்டலாக ‘அடிடாஸ் கம்போங்’, கிராமத்து அடிடாஸ், என்பார்கள். விலை பத்து ரிங்கிட் இருந்தால் அதிகம்.

“இதைப் போய்ப் போடுறீங்களேப்பா.”

“காட்டுக்குத்தானம்மா போறோம்? கல்யாணத்துக்கா?”

ஆற்றங்கரைச் சந்தைப் பக்கம் 1ஆம் எண் சிவப்புப் பேருந்தைப் பிடித்தோம். வழியில் பசியாறிவிட்டு, மத்தியானத்துக்கு எட்டு கறிபாப் (உருளைக்கிழங்குக் கறி அடைத்துப் பொரித்தது) தப்பாவ், அதாவது பொட்டலமாக, வாங்கி, அப்பா அந்தப் பிளாஸ்டிக் பையின் வாயை முறுக்கி, தன் பைக்குள்ளிருந்து நீளமாக ஒரு சிவப்பு ராஃபியா (பிளாஸ்டிக் நார்) கயிறு எடுத்து இறுக்கிக் கட்டினார். எங்கே போனாலும் அவர் பையில் ராஃபியா இருக்கும். ஏன் என்று யாரும் கேட்டதில்லை.

கம்போங் பாக்கோ படகுத் துறையில் முதலை எச்சரிக்கைப் பலகை. உப்புநீர் முதலை உள்ள கழிமுகம் இது. பூங்கா கூச்சிங்கிலிருந்து 37 கிலோமீட்டர்தான், ஆனால் தரைவழியில் யாரும் போவதில்லை, படகில்தான். பெயர் பதிந்து, கையெழுத்துப் போட்டு, ஐந்து பேர் உட்காரும் சின்னப் படகில் ஏறினோம். இரண்டு கரையிலும் நீப்பா பனை. ஆறு கடலில் கலக்கும் இடம் வந்ததும் இடது பக்கம் சந்துபோங் மலை எழுந்து நின்றது. 810 மீட்டர்தான் உயரம். ஆனால் கடல் மட்டத்திலிருந்தே எழும்புவதால் பார்க்கப் பெரிதாக இருக்கிறது. 1855 பிப்ரவரி மழைக்காலத்தில் அந்த மலையடிவாரத்து வீட்டில் இயற்கை ஆய்வாளர் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ், சமையலுக்கு ஒரு மலாய்ப் பையனை மட்டும் வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்து, ஒவ்வோர் உயிரினமும் தனக்கு நெருங்கிய இன்னோர் உயிரினம் ஏற்கெனவே இருந்த இடத்தில், அதை ஒட்டிய காலத்தில்தான் தோன்றுகிறது என்று எழுதினார். பரிணாமக் கொள்கைக்கு டார்வினோடு சேர்த்து அவர் பெயரும் சொல்லப்படுவதற்கு மூன்று வருஷம் முன்பு. இதையெல்லாம் நான் படகுச் சத்தத்துக்கு மேல் கத்திச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

“மழை பெஞ்சா பால் வெட்ட முடியாது. வேற என்ன செய்வான், எழுதுவான்” என்றார் அப்பா.

தெலோக் அசாம் விரிகுடாவில் தண்ணீர் வற்றிக் கிடந்தது. படகு துறைவரை போகாது, இறங்கி நடங்கள் என்று படகுக்காரர் கையைக் காட்டினார். முழங்கால் ஆழம். சற்று முன் பார்த்த முதலைப் பலகை எனக்கு நன்றாக நினைவிருந்தது. நான் ஷூவைக் கழற்றுவதா வேண்டாமா என்று யோசித்து முடிப்பதற்குள் அப்பா தண்ணீரில் இறங்கிப் பாதி தூரம் போயிருந்தார். ரப்பர் சப்பாத்துக்குத் தண்ணீர் ஒரு பொருட்டா? கரையில் ஏறி இரண்டு உதறு உதறினார், முடிந்தது. நான் ஷூவோடு இறங்கினேன். அதுதான் தப்பு.

பூங்கா அலுவலகத்துக்குப் போகும் பலகைப் பாதையில் அப்பா நின்றார். “மா, அங்க பாரு.” பார்த்தேன், புதர். “கெளையப் பாரு.” கிளையைப் பார்த்தேன். “கெளையில எலைக்குப் பின்னாடி.” கையை நீட்டாமல் தாடையால் காட்டினார். ஒரு நிமிஷம் கழித்து இலைகளில் ஒன்று இலை இல்லை என்று தெரிந்தது. பச்சைக் குழிவிரியன். விரல் தடிமன், முக்கோணத் தலை, உடம்போரம் மெல்லிய வரி. எங்களைத் தாண்டிப் போன பூங்கா ஊழியர் நடையை நிறுத்தாமலே சொன்னார், நாலு நாளாக அதே கிளையில்தான் இருக்கிறதாம். இந்த வகை அப்படித்தான். இரை தன்னைத் தேடி வரும்வரை நாள்கணக்கில் நகராது.

எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டதற்கு அப்பாவுக்குப் பதில் தெரியவில்லை. காலை ஐந்து மணி இருட்டில் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு நானூறு ஐந்நூறு மரத்துக்கு நடக்கிறவனுக்கு மரத்தில் எது மரம் எது பாம்பு என்பது படித்துத் தெரிந்துகொள்கிற விஷயமில்லை போலிருக்கிறது. அடுத்த அரைமணியில், ஒரு தண்டில் பட்டையோடு பட்டையாக ஒட்டிக்கொண்டிருந்த சாம்பல் திட்டு ஒன்றையும் காட்டி “கூபோங்” என்றார். ஆங்கிலத்தில் பறக்கும் லெமூர் என்கிறார்கள். அது பறப்பதில்லை, லெமூரும் இல்லை. கழுத்திலிருந்து வால்நுனிவரை இழுத்துத் தைத்த போர்வை மாதிரி தோல். அதை விரித்து மரத்துக்கு மரம் சறுக்கும். குரங்கினத்துக்கு மிக நெருங்கிய சொந்தம் இதுதானாம். நான் எழுதிக் கொண்டுவந்த ‘பார்க்க வேண்டியவை’ பட்டியலில் அது ஆறாவது. அப்பா பட்டியலே இல்லாமல் இரண்டைக் கண்டுபிடித்திருந்தார், மணி ஒன்பதரைகூட ஆகவில்லை.

பாக்கோ பெரிய இடம் இல்லை. 1957இல் அறிவித்தது, சரவாக்கின் முதல் தேசியப் பூங்கா, 27 சதுர கிலோமீட்டர் சொச்சம். ஆனால் கடற்கரைச் செடி, பாறைமுகம், சதுப்பு அலையாத்தி, கரிச்சதுப்பு, உயர்ந்த மழைக்காடு, கெராங்காஸ், மொட்டைப் புல்வெளி என்று ஏழு வகை நிலம் அதற்குள் இருக்கிறது. பழைய தமிழில் முல்லை, நெய்தல் என்று பிரித்து வைத்து, இரண்டும் கலந்தால் திணைமயக்கம் என்றார்கள். பாக்கோவில் அரைமணி நடந்தால் மூன்று திணை மயங்கிவிடும்.

தெலோக் பாண்டான் கெச்சில் விரிகுடாவுக்குப் போகும் பாதையை எடுத்தோம். ஏறக்குறைய இரண்டரை கிலோமீட்டர். முதலில் அலையாத்தி மேல் போட்ட பலகை. கீழே சேற்றில் ஒரு கை மட்டும் பெருத்த நண்டுகள், யாரையோ வா வா என்று கூப்பிடுவதுபோல அந்தக் கையை ஆட்டிக்கொண்டிருந்தன. துடுப்பை ஊன்றிச் சேற்றில் தத்தும் மீன்கள் கண்ணைத் தலைக்கு மேல் வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தன. பிறகு ஏற்றம். படி என்று எதுவும் இல்லை, மர வேர்தான் படி. மணற்பாறை, வழுக்கும் வேர், வியர்வை. பத்தாவது நிமிஷம் நான் வாயால் மூச்சு விட்டேன். அறுபத்தாறு வயது அப்பா முன்னால் போய் நின்று, திரும்பி, நான் வருகிற அழகைப் பார்த்தார்.

அங்கேதான் என் வலது ஷூவின் அடி ‘ப்ளக்’ என்றது. குனிந்தால் அடித்தோல் முன்பக்கமாக வாய் பிளந்து தொங்குகிறது. நம் ஊர் ஈரக்காற்றில் பெட்டிக்குள் கிடந்த ஷூவுக்கு இது நடக்கும் என்று பிறகு படித்தேன். போடாமல் வைத்திருந்தாலே அடிப்பகுதி உள்ளுக்குள் இற்றுப்போகுமாம். அப்போது தெரிந்ததெல்லாம் முந்நூறு ரிங்கிட் மட்டும்தான்.

அப்பா எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. கறிபாப் பையை எடுத்தார், ராஃபியாவை அவிழ்த்தார், என் பாதத்தைத் தன் முட்டி மேல் வைத்துக்கொண்டு ஷூவைச் சுற்றி மூன்று சுற்று, குறுக்கே ஒரு சுற்று, கணுக்காலில் முடிச்சு. எனக்கு ஐந்து வயதில் பள்ளிக்கூடச் சப்பாத்து மாட்டிவிட்ட அதே முகம். “நட” என்றார். நடந்தேன். நின்றது.

மேலே ஏறியதும் காடு சட்டென்று குட்டையானது. நெடுமரங்கள் எல்லாம் எங்கோ போய்விட்டன. மெலிந்த கம்புகள், வெயில், காலடியில் வெள்ளை மணல். இதுதான் கெராங்காஸ். சரவாக்கின் பழங்குடிகளான இபான் மக்களின் சொல். நெல் விளையாத மண் என்று பொருள். அப்பா உட்கார்ந்து ஒரு பிடி மண்ணை எடுத்தார். கட்டைவிரலால் தேய்த்தார், முகர்ந்தார், கீழே கொட்டினார்.

“சீனி மாதிரி இருக்கு. உரம் போட்டாலும் தங்காது, மழையில எறங்கிரும். செம்பனையும் வராது, கித்தாவும் வராது.” கொஞ்சம் யோசித்து, “அதான் விட்டு வச்சிருக்கான்” என்றார்.

பூங்காவின் வரலாற்றைப் பற்றி நான் படித்துக் கொண்டுபோன எதிலும் இந்த வாக்கியம் இல்லை.

பாதையோர ஓடையில் தண்ணீர் கரும்பழுப்பு. இலைச் சாறு இறங்கிய நிறம். “தே ஓ” என்றார், பால் விடாத தேநீர். சத்து இல்லாத அந்த மண்ணில் செடிகள் சாப்பாட்டுக்கு வேறு வழி தேடிக்கொண்டன. குடுவைச் செடிகள் புதரெங்கும் தொங்கின. மலாயில் ‘பெரியோக் கெரா’, குரங்குப் பானை. பொதுவாகப் பூச்சி வழுக்கி விழுந்து செரிக்கும், கதை அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன். ஆனால் ஒவ்வொன்றும் ஒரு தந்திரம் வைத்திருக்கிறது. நிழலில் தரையோடு கூட்டமாகக் கிடக்கும் உருண்டைப் பானை மூடியைப் பின்னால் மடக்கி வைத்துக்கொண்டு, மேலிருந்து விழும் சருகுகளையும் வாங்கித் தின்கிறது, பாதி சைவம். விளிம்பில் வெள்ளைப் பட்டை கட்டிய இன்னொன்று அந்தப் பட்டையைக் கறையான்களுக்குத் தீனியாக வைக்கிறது; தின்ன வரும் வரிசை உள்ளே விழுகிறது.

எனக்குப் பிடித்தது மெலிந்த ஒல்லிக் குடுவை. அதன் மூடிக்கு அடியில் தேன் சுரக்கும். எறும்பு தலைகீழாகத் தொங்கிக்கொண்டு நக்கும். வெயில் நேரத்தில் ஒன்றும் ஆகாது. மழைத்துளி மூடியில் ‘டொக்’ என்று விழுந்தால் மூடி அதிரும், எறும்பு தெறித்துக் குடுவைக்குள் போகும். மழையைக் கையாளாக வைத்துக்கொண்ட செடி. இதை ஆய்வாளர்கள் கண்டறிந்து எழுதியது 2012இல்தான். மழை இல்லாத நேரம் என்பதால் நான் என் தண்ணீர்ப் புட்டியிலிருந்து ஒரு சொட்டு விட்டுப் பார்க்கலாமா என்று யோசித்தேன். மூடியில் இரண்டு எறும்புகள் இருந்தன. “அது பாட்டுக்கு இருக்கட்டும்” என்றார் அப்பா, என் கையைப் பார்த்துவிட்டு.

பாறை விளிம்புக்கு வந்ததும் கீழே விரிகுடா. பச்சை நீர், வெள்ளை மணல், ஓர் ஆள் இல்லை. இறங்கிக் காலை நனைத்துக்கொண்டு, சொல்லி வைத்திருந்த படகு வந்ததும் ஏறினோம். திரும்பும் வழியில் கடலுக்குள் நின்ற பாறைத்தூணை ஒருமுறை சுற்றிக் காட்டினார் படகுக்காரர். படமெடுத்த நாகம் மாதிரி இருக்கிறது என்று எல்லோரும் சொல்வார்கள், இருந்தது. ஏற்கெனவே நூற்றைம்பது படங்களில் பார்த்த மாதிரியே இருந்தது. அதனால் அதைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

தெலோக் அசாம் உணவகத்தில் உட்கார்ந்து தே ஓ வாங்கி, கறிபாப் பையை மேசையில் வைத்தேன். குரங்கு ஜாக்கிரதை என்று எழுதிப் போட்டிருந்தார்கள், பார்த்தேன். ஆனால் பையின் வாயைக் கட்ட வேண்டிய கயிறு என் காலில் இருந்தது. கூரை விளிம்பிலிருந்து ஒரு நீளவால் குரங்கு இறங்கியது. அவசரமே இல்லை. மேசைமேல் நடந்து வந்து, பையைத் திறந்து, உள்ளே பார்த்து, இரண்டு கையிலும் ஒவ்வொன்று எடுத்து, மூன்றாவதை வாயில் வைத்துக்கொண்டு போயிற்று. பின்னால் இன்னும் மூன்று வந்தன. பை கிழிந்தது. நாலோ ஐந்தோ படியில் உருண்டு மணலுக்குப் போயின.

“எறநூறு கொரங்கு பாத்திருக்கேன், இவ்வளவு மரியாதையா எடுத்துக்கிட்டுப் போறத பாத்ததில்ல.” அப்பா சிரித்தார். அன்றைக்கு முதல்முறையாக வாய்விட்டு.

அப்போதுதான் தாடிக்காரன் வந்தான்.

உணவகத்துக்குக் கீழிருந்து, தன் வீட்டுத் திண்ணையிலிருந்து எழுந்து வருகிற தோட்டத்துக் கிராணி (கணக்கர்) மாதிரி, ஒரு பன்றி. நம் காட்டுப் பன்றி குட்டைக்கழுத்தும் கறுத்த மயிருமாக உருட்டாக இருக்கும். இது நீளம், ஒல்லிக் கால், சாம்பலும் மஞ்சளும் கலந்த நிறம். முகம்தான் அதிசயம். நீண்ட மூக்குத்தண்டைச் சுற்றி இரண்டு கன்னத்திலும் வெளிர்மஞ்சள் முள்மயிர் அடர்ந்து முன்பக்கமாகச் சீவிவிட்டதுபோல நிற்கிறது. மூக்குக்கு மேலேயும் ஒரு கொத்து. சவரம் செய்து பல வருஷமான மனிதர் மாதிரி. மணலில் கிடந்த கறிபாப்பை மோந்து, மேலோட்டை விட்டு உள்ளே இருந்த உருளைக்கிழங்கை மட்டும் எடுத்துத் தின்றது. உணவகத்துப் பெண் துடைப்பத்தோடு வந்து மிச்சத்தைக் கூட்டி அள்ளினாள். இதுகளுக்கு நம் சாப்பாடு பழகக் கூடாது என்று எங்களைத்தான் கடிந்துகொண்டாள். பன்றி நகர்ந்து போய் அலைமட்டத்துக்கு மேலே ஈர மணலை மூக்கால் உழ ஆரம்பித்தது.

அப்பா தே ஓவைக் கையில் எடுத்துக்கொண்டு போய்ப் படியில் உட்கார்ந்தார். நானும் போனேன். முக்கால் மணி நேரம் அங்கேயே இருந்தோம். நான் வழித்தட வரைபடத்தை இரண்டு முறை எடுத்தேன், இரண்டு முறையும் மடித்து வைத்துவிட்டேன்.

“தோட்டத்துல கன்னு நட்ட முதல் வருஷம் பன்னிக்குத்தான் பயம். ராத்திரி வந்து குருத்தத் தோண்டித் தின்னுட்டுப் போயிரும். தகரம் தட்டுவோம். தொரை துப்பாக்கியோட வருவான். சுட்டா லயத்துக்கே கறி. எங்கம்மா மொளகு அரைச்சுப் போட்டுச் சமைப்பாங்க. ரெண்டு நாளைக்கு லயம் பூரா வாசனை.” நிறுத்தினார். “இவ்வளவு கிட்டத்துல உசிரோட ஒண்ணைப் பாத்ததே இல்லம்மா.”

பன்றி ஒரு குழியை முடித்து அடுத்ததுக்குப் போனது. காதை ஆட்டியது. இழுத்துவிட்ட மூச்சு மணலில் சின்னதாகப் புழுதி கிளப்பியது.

போர்னியோக் காட்டின் பெரிய மரங்கள் பலவும் வருஷா வருஷம் காய்ப்பதில்லை. பல வருஷத்துக்கு ஒருமுறை, சொல்லி வைத்தாற்போல வனம் முழுக்க ஒரே சமயத்தில் பூத்துக் காய்க்கும். தரையெல்லாம் கொட்டை. தாடிப் பன்றிகள் அந்தக் காய்ப்பைத் தேடிக் கூட்டம் கூட்டமாக நெடுந்தூரம் போகும். ஆறு குறுக்கிட்டால் நீந்தும். உள்நாட்டு இபான், காயான் கிராமங்களில் தலைமுறை தலைமுறையாகக் காட்டுக்கறி என்றாலே இதுதான். பாக்கோ கடற்கரையில் நின்றதோ, யாரும் சுடாத இடத்தில் பிறந்து, மனிதனைத் திரும்பிப் பார்க்க வேண்டிய தேவையே இல்லாமல் வளர்ந்தது.

ஒன்றரை வருஷம் கழித்து, 2021 தொடக்கத்தில், ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் பக்கத்து மாநிலமான சபாவுக்கு வந்தது. பிறகு சரவாக்குக்கும். மனிதருக்கு ஒட்டாது, ஆனால் வீட்டுப் பன்றியையும் காட்டுப் பன்றியையும் ஒன்றுபோலக் கொல்லும். போர்னியோவில் தாடிப் பன்றிகள் காட்டுக்குள் கொத்துக் கொத்தாகச் செத்தன. கோவிட் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையில் நான் கோலாலம்பூரிலும் அப்பா ஈப்போவிலுமாக அடைபட்டிருந்தபோது தொலைபேசியில் இதைச் சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் தொலைக்காட்சிச் சத்தம் மட்டும் கேட்டது.

“பன்னி வராத வருசம் தோட்டத்துல பலாப்பழம் கீழ விழுந்து அழுகிக் கெடக்கும்மா. யாரு திங்கிறது?” என்றார்.

சரி, அந்த நாளுக்கு வருகிறேன். மூக்குக் குரங்கைப் பார்க்காமல் பாக்கோவிலிருந்து திரும்பினேன் என்று அலுவலகத்தில் சொல்ல முடியாது. இரண்டரை மணிக்கு தெலோக் டெலிமா பாதையில் கிளம்பினோம். உலகத்தில் போர்னியோவில் மட்டும் இருக்கிற குரங்கு. ஆற்றோரம், கடலோரம், அலையாத்தி ஓரம். நான் கண்ணால் தேடிக்கொண்டே போனேன். அப்பா நின்று காதைக் கொடுத்தார். “மேல எதோ வீசுது” என்றார். வீசவில்லை, தாவியது. கிளை முறியும் சத்தம், பிறகு மூக்கடைத்த தாத்தா கனைப்பதுபோல ஒரு ‘ஹொங்க்’.

அலையாத்தி உச்சியில் ஆண் உட்கார்ந்திருந்தது. செம்பழுப்பு முதுகு, பானை வயிறு, வெள்ளை வால், இடுப்புக்குப் பின்னால் வெள்ளைக் கால்சட்டை போட்டதுபோல ஒரு திட்டு. மூக்கு வாய்க்கும் கீழே தொங்கியது. இலையைப் பறித்துத் தின்னும்போது ஒரு கையால் மூக்கை ஒதுக்கிக்கொண்டது. மூக்கு பெரிதாக இருக்கும் ஆணுக்கு உடம்பும் பெரிது, கூட்டத்தில் பெண்களும் அதிகம் என்று 2018இல் அளந்து சொல்லியிருக்கிறார்கள். அந்த வயிறு மாட்டு வயிறு மாதிரி அறை அறையாகப் பிரிந்தது. இலையை உள்ளே வைத்துப் புளிக்க விடும். சில சமயம் அசை போடவும் செய்யும். பழுத்த இனிப்புப் பழம் தின்றால் வயிறு உப்பிச் சிரமப்படும், அதனால் காயாகவே தின்னும். இவ்வளவு பெரிய மூக்கை வைத்துக்கொண்டு பழ வாசனைக்கு மயங்காத பிறவி.

மலாயில் இதை ‘மோன்யெட் பெலாண்டா’ என்பார்கள். டச்சுக்காரக் குரங்கு. வெயிலில் சிவந்த பெரிய மூக்கும் தொப்பையுமாக வந்து இறங்கியவர்களைப் பார்த்து வைத்த பெயர். இதைச் சொன்னேன்.

அப்பா அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார். “நம்மாளுக பாத்திருந்தா ‘தொரைக் கொரங்கு’ன்னு வச்சிருப்போம்.” கொஞ்சம் கழித்து, “அந்த உக்காந்திருக்கிற தோரணையப் பாரேன். பெரட்டுக் கூப்புட வந்தவன் மாதிரியே இருக்கான்.” தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுப்பதுதான் பெரட்டு.

குரங்குகளுக்கு நம்மிடம் பெயர்ப் பஞ்சம் கிடையாது. குரங்கு, முசு, ஊகம் என்று மூன்று தனித்தனி. ஆண் என்றால் கடுவன், பெண் என்றால் மந்தி. அன்றைக்கு மூன்று இனம் பார்த்தோம். மூன்றாவது, திரும்பும் வழியில் தலைக்கு மேலே போன வெள்ளிமுடி இலைக்குரங்குக் குடும்பம். தாய்கள் சாம்பல் நிறம், மடியில் ஒட்டியிருந்த குட்டி மட்டும் பளீர் ஆரஞ்சு. அவை முசுவாக இருக்கலாம் என்று நானே தீர்மானித்துக்கொண்டேன். நீண்ட மூக்குக்காரனுக்கு மட்டும் தமிழில் பெயர் இல்லை. தொரைக் கொரங்கே இருக்கட்டும்.

நாலு மணிப் படகு. தண்ணீர் ஏறிவிட்டதால் துறையிலேயே ஏற முடிந்தது. தாடிக்காரன் கடற்கரையின் மறுகோடியில் சின்னப் புள்ளியாகத் தெரிந்தான், இன்னும் தோண்டிக்கொண்டுதான் இருந்தான். அப்பா கை காட்டவெல்லாம் இல்லை. படகு திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்.

கம்போங் பாக்கோவில் இறங்கும்போது இடது ஷூவும் வாயைத் திறந்திருந்தது. இனி எதற்கு என்று இரண்டையும் கழற்றி, பேருந்து நிற்கிற இடத்துக் குப்பைத் தொட்டியில் போடப் போனேன்.

“நில்லு, நில்லு.”

அப்பா வலது ஷூவை என் கையிலிருந்து வாங்கினார். கணுக்கால் முடிச்சைப் பல்லால் கடித்துத் தளர்த்தி, ராஃபியாவைச் சுற்றுச் சுற்றாக அவிழ்த்து, சேற்றைச் சட்டை நுனியில் துடைத்து, நாலு விரலில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டார். பிறகுதான் ஷூவைத் திருப்பிக் கொடுத்தார். நான் வெறுங்காலோடு 1ஆம் எண் பேருந்தில் ஏறினேன்.